6 லட்சம் ரூபாயை எதில் போடுவது? ஒரு சிற்றூர் லயன்ஸ் சங்கத்தின் முன் இருக்கும் ஐந்து வழிகள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் சங்கத்தில் ஒரே பேச்சுதான். வருகிற வருஷம் என்ன செய்யப் போகிறோம்? லயன்ஸ் சங்கங்களுக்கு ஜூலை 1 அன்று வருஷம் பிறந்து ஜூன் 30 அன்று முடிகிறது. புதுத் தலைவரும் செயலரும் பொருளாளரும் பொறுப்பேற்கும் விழாவில், இந்த ஆண்டு இன்னது செய்வோம் என்று மேடையில் அறிவிப்பது வழக்கம். இந்த முறை சேவைக் கணக்கில் சுமார் 6 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. 38 பேர் உள்ள எங்கள் சங்கத்துக்கு அது பெரிய தொகை. பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய நன்கொடை அது.

சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். லயன்ஸ் சங்கத்தில் கணக்கு இரண்டு. உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கில் போகும். சால்வை, நினைவுப் பரிசு, கூட்டச் சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் திரட்டிய பணம் சேவைக் கணக்கு. அதில் ஒரு ரூபாயைக்கூட நிர்வாகச் செலவுக்கு எடுக்கக் கூடாது, பொதுமக்களுக்கே திரும்பப் போக வேண்டும். சங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இந்த 6 லட்சம் எங்களுடையது இல்லை என்பதை அது நினைவில் நிறுத்துகிறது.

கூட்டத்தில் ஐந்து யோசனைகள் வந்தன. அரசுப் பள்ளிக்கு ஆர்.ஓ. (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும்) குடிநீர் இயந்திரம், அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம், கண்மாய் தூர்வாருதல், கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, அப்புறம் ஆண்டுதோறும் நடத்தும் கண் சிகிச்சை முகாமைப் பெரிதாக்குவது. ஐந்துமே நல்ல காரியங்கள்தான். ஆனால் பணம் ஒரு முறைதான் செலவாகும். ரோட்டரி, லயன்ஸ், ஜேசீஸ் என்று எத்தனையோ ஊர்களில் இதே நேரத்தில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்பதால், நான் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சிற்றூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சங்கத்தில் 14 வருஷம். அந்த 14 வருஷத்தில் 14 தலைவர்களைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் உழைத்தவர்கள். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ‘என் வருஷம்’ என்று ஒன்று இருந்தது. போன வருஷத்துக் கல்வெட்டில் இருப்பது போன தலைவரின் பெயர் என்பதால், அதைத் திரும்பிப் பார்க்கப் புதியவருக்கு நேரம் இருப்பதில்லை. சங்கத்தின் ஞாபகம் ஒரு வருஷம்தான். எந்தத் திட்டத்தை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மூன்றாவது வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் எனக்கு வலி அதிகம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதியிலேயே ஒரு பள்ளிக்கு நாங்கள் ஆர்.ஓ. வைத்துக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டி, பிள்ளைகள் வரிசையில் நின்று டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். உண்மையிலேயே நிறைவாக இருந்தது. இரண்டு கோடை தாண்டிய பிறகு வேறொரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். இயந்திரம் இருந்த அறை பூட்டிக் கிடந்தது. மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) அடைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டுச் சொட்டாக வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்களாம். மாற்றுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் முதல் வருஷத்துக்கு மட்டும்தான் போட்டிருந்தோம். அந்த ஒப்பந்தம் முடிந்தபோது எங்கள் சங்கத்தில் ஒருவருக்குக்கூட அது நினைவில் இல்லை.

ஆர்.ஓ. என்பது வாங்கி வைத்தால் ஓடும் பொருள் இல்லை. வடிகட்டிகளைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தண்ணீர் எவ்வளவு கடினமோ அதற்கேற்ப மெம்பிரேன் இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்க, அமைப்பைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை உப்பு நீராக வெளியே போகும். கோடையில் போர் வற்றும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. மின்கட்டணமும் உண்டு.

அதைவிட முக்கியமான கேள்வியை அன்று நாங்கள் கேட்கவே இல்லை. அந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையா? குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் அறிக்கை கையில் வந்துவிடும். அதைச் செய்யாமலே லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்கினோம். பல பள்ளிகளில் சிக்கல் உப்பே இல்லை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதில்லை, குளோரின் போடுவதில்லை, குழாய் உடைந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஆர்.ஓ. மருந்தாகாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடிய இடமென்றால் என் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஃபுளோரைடு பல்லில் கறையாகத் தொடங்கி எலும்பு வரை போகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அங்கே பள்ளிக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் என்பது நியாயமான உதவி. ஆனால் அந்த மாவட்டங்களுக்கும் பெரிய தீர்வாக வந்தது 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரி நீரையே கொண்டு வந்தார்கள். அந்த அளவு வேலை அரசால்தான் முடியும். எங்களால் முடிவது, இருக்கிற தண்ணீரைச் சோதித்து, தொட்டியையும் குழாயையும் சரி செய்வது. அதற்கு 6 லட்சம் தேவைப்படாது.

கழிப்பறைக்கும் இதே கதைதான். கட்டுவது சுலபம், தினமும் கழுவுவதற்கு ஆளும் தண்ணீரும் ஏற்பாடு செய்வதுதான் திட்டம். பள்ளிக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகப் போகலாம். பள்ளிக்கு என்ன தேவை என்பதைப் பள்ளியே சொல்கிறது. நன்கொடை எங்கே போனது என்பதும் பதிவில் இருக்கும்.

அடுத்து டயாலிசிஸ். இந்த யோசனையைச் சொன்ன அண்ணனின் தங்கை கணவர் வாரம் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். அவர் பேசும்போது அறையில் யாரும் குறுக்கே பேசவில்லை. பஸ்ஸில் போகும்போது ஒரு மணி நேரம், படுக்கையில் 4 மணி நேரம், திரும்பும்போது தலைசுற்றலோடு ஒரு மணி நேரம். நம் ஊர் மருத்துவமனையிலேயே ஒரு இயந்திரம் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று அவர் கேட்டது நியாயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை, வாரத்தில் 6 நாள் என்றால் ஒரு இயந்திரம் வாரத்துக்கு 12 முறை ஓடும். ஆளுக்கு 3 முறை என்றால் 4 பேர். பலர் 2 முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் 6 பேர். ஒருவருக்கு ஒரு முறை செய்யச் சுமார் 120 லிட்டர் மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அதற்கென்று தனியாக ஆர்.ஓ. வேண்டும், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேண்டும், மேற்பார்வைக்கு மருத்துவர் வேண்டும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும். இயந்திரத்தின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். ஏற்கெனவே டயாலிசிஸ் பிரிவு ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனை, ‘எங்களிடம் ஆளும் தண்ணீரும் இருக்கிறது, இன்னொரு இயந்திரம் கிடைத்தால் காத்திருப்போர் பட்டியல் குறையும்’ என்று கேட்டால் யோசிக்காமல் கொடுக்கலாம். பிரிவே இல்லாத இடத்தில் முதல் இயந்திரத்தை வைப்பது எங்கள் சக்திக்கு மீறியது.

அதோடு, சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். மக்கள் திணறுவது மற்ற செலவுகளில்தான். பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, முட்டையும் மருந்தும். அந்த அண்ணனிடம் தனியாகப் பேசியபோது, எங்கள் ஊரிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிறவர்களைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். இயந்திரத்தைவிட இது நல்ல யோசனையாகப் பட்டது. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் எங்களில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

கண்மாய் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கரையில் மண்வெட்டி வைக்க முடியாது. வண்டல் எடுக்கவும் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். 6 லட்சத்துக்கு ஜே.சி.பி. சில நாள் ஓடும், அவ்வளவுதான். வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும்போது கண்மாயின் வயிற்றை மட்டும் ஆழப்படுத்தினால் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆயக்கட்டு விவசாயிகளே முன்னின்று கூப்பிட்டால் டீசல் செலவுக்குக் கொடுக்கலாம். நாமாகத் தொடங்கும் வேலை இல்லை.

உதவித்தொகையில் எனக்கு ஆசை உண்டு. முன்பு ஆண்டுக்கு 20 பிள்ளைகளுக்கு மேடையில் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தோம். அந்த 20 பேரில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை, ஏனென்றால் அடுத்த வருஷம் வேறு 20 பேர். அதே நேரம் அரசின் உதவிகளும் பெருகிவிட்டன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன். தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

பிறகு எங்கே தடுமாறுகிறார்கள்? ரிசல்ட் வந்த நாளுக்கும் முதல் செமஸ்டருக்கும் இடையில். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியை மேலே வைப்பது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்ட வேண்டும், படுக்கையும் பக்கெட்டும் வாங்க வேண்டும். என் கடைக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு தாய், மகளுக்கு இடம் கிடைத்தும் ஹாஸ்டல் முன்பணத்துக்கு வழி இல்லாமல் பக்கத்திலிருக்கும் வேறு கல்லூரியில் வேறு படிப்பில் சேர்த்ததைச் சொன்னார். 15,000 ரூபாய் கையில் இருந்திருந்தால் அந்தப் பெண் விரும்பிய படிப்பைப் படித்திருப்பாள். அதனால் 20 பேருக்கு 5,000 என்பதைவிட, 10 பேருக்கு 15,000 கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பினரைப் பொறுப்பாக்கி, படிப்பு முடியும்வரை போனில் விசாரிப்பது மேல். தலைவர் மாறினாலும் அந்த உறுப்பினர் மாறமாட்டார்.

இனி கண் முகாம். கூட்டத்தில் ‘இதைத்தான் எல்லாரும் செய்கிறார்களே’ என்ற சலிப்பு வந்தது. எனக்கு அந்தச் சலிப்பு இல்லை.

1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். கண்ணும் காதும் இழந்த அந்த அம்மையார், இருளை எதிர்த்துப் போராடப் பார்வையற்றோருக்காக நீங்கள் வீரர்களாக நிற்கமாட்டீர்களா என்று கேட்டார். அன்றிலிருந்து கண் லயன்ஸின் முதல் வேலையாகிவிட்டது. எங்களுக்கோ பக்கத்திலேயே மதுரை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு, 11 படுக்கைகளில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே முகாம் என்பது சங்கமும் மருத்துவமனையும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. இடம், விளம்பரம், மேஜை நாற்காலி, வருபவர்களை வரிசைப்படுத்துவது எல்லாம் சங்கம். பரிசோதனை, மருத்துவர், கண்புரை ஆபரேஷன், லென்ஸ், தங்குமிடம், சாப்பாடு, போக வர பஸ் எல்லாம் மருத்துவமனை. 1992இல் அவர்களே ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்ய ஆரம்பித்த பிறகு அதன் விலை இறங்கி, இலவச நோயாளிக்கும் லென்ஸ் வைப்பது சாத்தியமானது.

மூன்றாவது வருஷம் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். இயந்திரமும் ஆளும் மருத்துவமனையுடையவை. ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு மெம்பிரேன் மாற்றும் வேலை கிடையாது. ஒரு மாதத்தில் மறுபரிசோதனை முடிந்தால் அந்த மனிதருக்கு அந்தத் திட்டம் நிறைவேறிவிட்டது. ஒரு வருஷ ஞாபகம் உள்ள சங்கத்தாலும் முழுதாக முடிக்கக் கூடிய வேலை இது.

ஆனால் இப்போது நடத்துவது போலவே நடத்தினால் போதாது. ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு நாள் சுற்றுகிறோம். நோட்டீஸ் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி வளாகம் நிரம்பியதும் திருப்தியாகிவிடுகிறோம். 1999இல் வெளியான ஒரு ஆய்வு, தென்னிந்தியக் கிராமங்களில் முகாம் நடந்த பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு ஆகியவை மற்றவர்களைத் தடுத்த காரணங்களில் இருந்தன. முகாமால் மட்டும் ஆகாது என்று தெரிந்ததால்தான் அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, மதுரையில் இருக்கும் மருத்துவர் வீடியோ வழியாகப் பார்க்கும் ஏற்பாட்டுக்குப் போனார்கள்.

வராத அந்த 93 பேர் யார் என்பதைக் கடையில் உட்கார்ந்தபடியே நான் பார்க்கிறேன். சந்தைக்குப் பின்னால் பூக்கட்டும் ஒரு அப்பத்தா, கண் மங்கினால் என்னிடம் வந்து சொட்டு மருந்து கேட்பார். கண்புரைக்குச் சொட்டு மருந்து கிடையாது, ஆபரேஷன்தான் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். போன முகாமுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“மூணு நாளு நான் போயிட்டா ஆட்ட யாருப்பா பத்துவா? அந்த மனுசனுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

மைக் கட்டிய ஆட்டோவிடம் இதற்குப் பதில் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசி ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும், மூன்று நாளைக்குப் பெரியவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும் ஊர்க்காரர்களால்தான் முடியும். எங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது என்றால் இதுதான். எங்கள் 38 பேருக்கும் சேர்த்து இந்த ஊரில் தெரியாத தெரு இல்லை. அவ்வளவு பேரை அறிந்த ஒரு சங்கம், பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது எனக்கு நஷ்டமாகப் படுகிறது.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்து. சாளேஸ்வரம் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவது என்பதால் அதை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. ஆனால் பூக்கட்டுபவருக்கும் தையல் தைப்பவருக்கும் அரிசியில் கல் பொறுக்குபவருக்கும் கைவேலைதான் கூலி. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் இலை பறிப்பதில் கண்ட முன்னேற்றம், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. மொத்தமாக வாங்கினால் அந்தக் கண்ணாடி 150 ரூபாய் அளவில் கிடைக்கும். 6 லட்சத்தில் வேறு எதுவும் இவ்வளவு குறைந்த காசில் ஒரு மனிதரின் கூலியைத் தொடாது.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகக் கூப்பிட வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெடுவது கடைசிவரை வலிக்காது, மங்கலாகத் தெரியும்போது பாதி போயிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களை எங்கள் ஊரின் நான்கு மருந்துக் கடைகளும் முகம் பார்த்தே அறியும். மாத்திரை கொடுக்கும்போதே முகாம் தேதியைச் சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். மற்ற மூன்று கடைக்காரர்களிடமும் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள்.

முகாமிலும் குறை உண்டு. ஆபரேஷனுக்குத் தேர்வானவர் கடைசி நேரத்தில் பஸ் ஏறாமல் வீட்டுக்குப் போய்விடுவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. மறுபரிசோதனைக்கு எல்லாரும் வருவதில்லை. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது கண்ணுக்கு அடுத்த முகாம்வரை காத்திருந்து மறந்துவிடுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், ஆள் நேரில் போய் விசாரிப்பதுதான்.

ரத்ததானத்தை யாரும் திட்டமாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குப் பணம் வேண்டாம். ஆனால் அதிலும் ஒன்றை மாற்ற வேண்டும். ஒரே நாளில் 100 பேரைக் கூட்டி ரத்தம் எடுப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ரத்தத்தை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும், அதிலிருந்து பிரிக்கும் தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாள். கல்லூரி விடுமுறை விட்ட மே மாதத்தில் கொடுக்க ஆள் இருக்காது. ஆண்கள் 90 நாளுக்கும் பெண்கள் 120 நாளுக்கும் ஒரு முறை கொடுக்கலாம் என்பதால், பட்டியலை நான்காகப் பிரித்து, ரத்த வங்கியிடம் கேட்டு, அவர்களுக்குத் தேவையான வாரத்தில் 25 பேராக அனுப்பினால் போதும். ஒரு உறுப்பினரின் போனும் பொறுமையும்தான் செலவு.

தோழர்கள் சிலர் ரோட்டரியை எடுத்துக்காட்டினார்கள்: ‘அவர்கள் பெரிதாகச் செய்கிறார்களே, நாமும் செய்யலாமே’ என்று. பெரிதாகச் செய்ததைவிட, விடாமல் செய்ததுதான் அவர்களிடம் நான் பார்ப்பது. 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இடையில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! ஒவ்வொருவரும் ‘என் வருஷத்தில் வேறு ஏதாவது’ என்று நினைத்திருந்தால் சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக ஆள் இருந்திருக்காது. அவர்களுடைய அறக்கட்டளை 30,000 டாலருக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான் பன்னாட்டு நிதி தருகிறது. அதற்கும், ஊருக்கு என்ன தேவை என்று முதலில் விசாரித்தீர்களா, நிதி தீர்ந்த பிறகு யார் நடத்துவார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதியாக வேண்டும். 6 லட்சத்துக்கும் அதே கேள்விகளை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆக, வரும் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் கணக்கு இது. வருஷத்துக்கு ஒரு பெரிய முகாம் என்பதற்குப் பதில் நான்கு முகாம்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு பகுதியில், ஒன்றுக்கு 30,000 என்று 1,20,000 ரூபாய். வெள்ளெழுத்துக் கண்ணாடி ஆயிரம் பேருக்கு 1,50,000. வீட்டிலிருந்து அழைத்து வருவதற்கும், ஆபரேஷனுக்குப் போனவர் வீட்டில் இருப்பவருக்குச் சாப்பாட்டுக்கும், மறுபரிசோதனை வண்டிக்கும் 80,000. பிள்ளைகள் பத்துப் பேருக்கு 1,50,000. மீதி 1 லட்சத்தைத் தொடக்கூடாது. அது அடுத்த தலைவர் கையில் முதல் முகாமுக்கான பணமாகப் போய்ச் சேர வேண்டும். பூட்டிக் கிடக்கும் அந்த ஆர்.ஓ. அறைக்கு என்ன செய்வது என்பதை, முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, உறுப்பினர்கள் சொந்தக் கைப்பணத்தில் முடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டயாலிசிஸ் வண்டிக்கு வாரம் ஒருவர் என்று முறை போட, கார் வைத்திருக்கும் மூன்று பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கண் குழுவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரே பொறுப்பாளர் வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். தலைவர் மாறினாலும் இந்தக் குழு மாறக் கூடாது. யாரும் முன்வராவிட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் முகாம் ஆகஸ்டில். அதற்கு இரண்டு வாரம் முன்னால் தெருவுக்கு இரண்டு பேராகப் பிரிந்து, நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். அறுபது தாண்டியவர் யார், எந்தக் கண், யார் கூட வருவார், வீட்டில் ஆடு மாடு உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவை எனக்கு ஒதுக்கும்படி செயலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பூக்கட்டும் அப்பத்தாவின் அடுத்த வீட்டுப் பெண், அந்த மூன்று நாளும் ஆட்டைப் பத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.